லூவரில் குழந்தைகளோடு ஒரு காலைப்பொழுது

நான்கு வயதிலும் ஏழு வயதிலும் உள்ள இரண்டு குழந்தைகளோடு பாரிஸில் நான்கு நாட்கள் தங்கப் போவதாகவும், அதில் ஒரு முழு நாளை லூவர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினால் மோனா லிசா உள்ளிட்ட புகழ்பெற்ற படைப்புகள் அனைத்தையும் அவர்களுக்குக் காட்டிவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளை லூவருக்குத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் முழு நாளும் வேண்டாம், அனைத்தும் வேண்டாம். இந்த நகரில் பல ஆண்டுகளாக வசிப்பதால், உறவினர்கள், நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு மூன்று முறையும் அழுகையில்தான் முடிந்தது. பெரியவர்கள் பார்க்கும் வரிசையையே கொஞ்சம் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என் பிழை. குழந்தையின் கால், பசி, கழிப்பறை, கண் மட்டம் ஆகியவற்றை முதலில் வைத்து, படைப்பின் புகழைக் கடைசியில் வைத்துத் திட்டமிடத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் "இன்னொரு நாள் வரலாமா" என்று கேட்டார்கள்.

அந்த இடத்தின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுல்லி, தெனோன், ரிஷ்லியு என்னும் மூன்று பகுதிகளாக விரியும் அந்தப் பழைய அரண்மனையில் ஏறத்தாழ 35,000 பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றால்கூட, உணவும் உறக்கமும் இல்லாமல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். ஆகவே "முழுவதும் பார்ப்பது" என்பது பெரியவர்களுக்கே இயலாத காரியம். 2024-இல் மட்டும் 87 லட்சம் பேர் அங்கே வந்து போனார்கள். ஒரு நாளைக்கு 30,000 பேர் என்ற வரம்பையும் நிர்வாகம் வைத்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே ஓவியத்தை நோக்கி ஒரே வழியில் நடக்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. அந்த வழியை விட்டு விலகினால், கூட்டமில்லாத கூடங்கள் வியப்பூட்டும் எண்ணிக்கையில் இருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் குழந்தைகளோடு செல்லும் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுவே. 2024 ஜனவரியில் 17 யூரோவிலிருந்து 22 யூரோவாக உயர்ந்த கட்டணம், 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 32 யூரோ ஆகிவிட்டது. 18 வயது நிறையாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், கட்டணம் இல்லை. எனவே கணவனும் மனைவியும் சேர்ந்து 64 யூரோ கொடுக்கிறீர்கள். கொடுத்த பணத்துக்கு ஈடாகப் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் வாசலிலேயே நம்மைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்து அழும் குழந்தையின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்தப் பணம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.

லூவர் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களில் இரவு 9 வரை திறந்திருக்கும். இரவு நேரத்தில் கூட்டம் குறையும் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த அறிவுரை குழந்தை இல்லாதவர்களுக்கு உரியது. கிழக்கிலிருந்து விமானத்தில் வந்த பிள்ளைகள் முதல் சில நாட்கள் விடியற்காலையிலேயே விழித்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு அவர்களுக்குக் கண் சொருகும். நேர வித்தியாசத்தால் வரும் இந்தத் தொல்லையை நமக்குச் சாதகமாக்கிக்கொண்டு காலை 9 மணி நுழைவையே பதிவு செய்யுங்கள். நுழைவுச்சீட்டை நேரத்தோடு முன்கூட்டியே லூவரின் சொந்த இணையதளத்தில் வாங்க வேண்டும்; குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லையென்றாலும் அவர்கள் பெயரிலும் கட்டணமில்லாச் சீட்டை அதே நேரத்துக்கு எடுத்துவிட வேண்டும். வயதுக்குச் சான்றாகக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். எந்தெந்தக் கூடங்கள் எந்தெந்த நாளில் மூடியிருக்கும் என்ற பட்டியலையும் அதே தளத்தில் வெளியிடுகிறார்கள். பணியாளர் வேலைநிறுத்தத்தால் திறப்பு தாமதமான நாட்களும் உண்டு என்பதால், புறப்படும் முன் காலையில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

தள்ளுவண்டியோடு வருவதானால் மெட்ரோவில் கவனம் வேண்டும். அருங்காட்சியகத்தின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய 'பலே ரோயால் - மியூசே து லூவர்' நிலையம் மிக அருகில் இருக்கிறது. ஆனால் பாரிஸின் பழைய தடங்களில் பெரும்பாலான நிலையங்களில் மின்தூக்கி கிடையாது, வண்டியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கும். 14-ஆம் தடத்தில் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு; அதில் வந்து பிரமிட் என்ற நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் போதும். நகரப் பேருந்துகளும் வண்டியோடு ஏற வசதியானவை. உள்ளே தள்ளுவண்டிக்குத் தடையில்லை. நுழைவாயிலான கண்ணாடிப் பிரமிடின் அடியில், சுழல் படிக்கட்டின் நடுவே, கூரையில்லாத உருளை ஒன்று மேலும் கீழும் போய்வரும். அதுவே வண்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்குமான மின்தூக்கி. அன்றைய தினம் முழுவதிலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதுவாகவே இருந்தாலும் மனம் தளர வேண்டாம். நான்கு வயதுக் குழந்தை நடக்கும் என்று நம்பி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள், பளிங்குத் தரையில் நடப்பது வெளியில் நடப்பதைவிடக் கால்களை விரைவில் சோர்வடையச் செய்யும். 55 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 20 செ.மீ. தடிமன் என்ற அளவைத் தாண்டிய பைகளை அனுமதிப்பதில்லை. மேலங்கிகளையும் பைகளையும் கட்டணமின்றிப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். குளிர்காலத்தில் இதைச் செய்யாவிட்டால் நான்கு மேலங்கிகளைச் சுமக்கும் வேலை உங்களுடையதாகிவிடும். பிரமிடுக் கூடத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே செல்லுங்கள். கூடங்களுக்குள் கழிப்பறைகள் குறைவு, தொலைவும் அதிகம். காட்சிக் கூடங்களில் தின்பதற்கு அனுமதி இல்லையாதலால் வயிறு நிறைந்த பிறகே சீட்டைக் காட்ட வேண்டும்.

இனி வழியைச் சொல்கிறேன். எல்லோரும் தெனோன் பகுதியை நோக்கித் திரும்பும் அந்த இடத்தில் நீங்கள் சுல்லி பகுதிக்குள் நுழையுங்கள். சில நிமிடங்களில் தரைக்கு அடியில், ஒரு கோட்டையின் அகழிக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள். இரண்டாம் பிலிப் என்ற மன்னன் 1190 வாக்கில் பாரிஸைக் காக்கக் கட்டத் தொடங்கிய கோட்டையின் அடிச்சுவர்கள் அவை. பிற்கால மன்னர்கள் இடித்தும் மூடியும் மறைத்துவிட்ட அந்தச் சுவர்களை 1980-களில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார்கள். இங்கே ஓவியம் ஒன்றும் இல்லை. மங்கிய வெளிச்சம், குழந்தையைவிடப் பன்மடங்கு உயரமான கல் மதில், வட்டமான கோபுரத்தின் அடிப்பாகம், இவ்வளவுதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கோட்டை என்ற சொல்லே போதுமானது. "நாம் நிற்கும் இடத்தில் முன்பு தண்ணீர் இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள், காலடியைக் குனிந்து பார்க்காத குழந்தை இல்லை. இன்னொரு வேலையும் அங்கே கொடுக்கலாம்: கல்தச்சர்கள் தாம் செதுக்கிய கற்களில் தத்தம் அடையாளத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், அவற்றில் இதய வடிவமும் உண்டு. இதயத்தை முதலில் யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று விட்டுவிட்டால், பத்து நிமிடத்துக்கு நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. பார்ப்பது என்றால் தேடுவது என்று குழந்தைக்குப் பழக்கிவிடுவதால், மற்றக் கூடங்களுக்கும் இது நல்ல தொடக்கமாக அமைகிறது.

அந்த அகழியிலிருந்து அப்படியே போனால் ஒரு குகை போன்ற அறையில் தானிஸ் நகரத்து ஸ்ஃபிங்ஸ் படுத்திருக்கிறது. இளஞ்சிவப்புக் கருங்கல்லில் செதுக்கப்பட்ட மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம், ஏறத்தாழ 4.8 மீட்டர் நீளம், 12 டன் எடை. எகிப்தில் 1825-இல் கண்டெடுக்கப்பட்டது. புகைப்படத்தில் பார்த்தால் இன்னொரு சிலை என்றுதான் தோன்றும். அதன் முன்னங்கால்களுக்கு எதிரே மூன்றடி உயரத்தில் நிற்கும் ஒருவருக்கு அது வேறு. நான் பல முறை கவனித்தது இது: குழந்தைகளை நிறுத்தி வைப்பவை மூன்று வகைப் பொருட்கள்தாம். தம்மைவிட மிகப் பெரியவை, விலங்கின் சாயல் உள்ளவை, உடைந்து போனவை. லூவரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் பயண வழிகாட்டிகள் போடும் "தவறவிடக் கூடாத பத்து" என்ற பட்டியல்கள் இந்தக் கணக்கில் தயாரிக்கப்படுவதில்லை.

ஸ்ஃபிங்ஸிலிருந்து படியேறினால் எகிப்தியப் பகுதி. தரைத்தளத்தில் அன்றாட வாழ்க்கைக்குரிய பொருட்கள் இருக்கின்றன: படகு, நாற்காலி, அணிகலன், விளையாட்டுப் பலகை, மாவு பிசையும் சிறு பொம்மை உருவங்கள். மம்மி ஒன்றும், பதப்படுத்தப்பட்ட பூனைகளும் உண்டு. இவற்றைக் காட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் குழந்தையின் இயல்பு தெரிந்த நீங்களே முடிவு செய்ய வேண்டும். என்னோடு வந்த ஒரு பையன் அதைவிட்டு நகர மறுத்தான், அவன் தங்கையோ அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. நடக்கும் தெம்பு இருந்தால் முதல் தளத்துக்கு ஏறி, அமர்ந்திருக்கும் எழுத்தரைப் பார்த்துவிடுங்கள். 1850-இல் சக்காராவில் கிடைத்த, 54 செ.மீ. உயரம்கூட இல்லாத, வண்ணம் பூசிய சுண்ணாம்புக்கல் சிலை அது. நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்த மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் ஏட்டை விரித்து, எதிரே இருப்பவர் சொல்லப் போவதை எழுதக் காத்திருக்கிறார். கண்களில் பதித்திருக்கும் படிகக் கல் அவற்றுக்கு உயிருள்ள பளபளப்பைத் தருகிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சம்மணமிடத் தெரியும் அல்லவா. அவர்களையும் எதிரே அதே போல் தரையில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு எழுத்தரிடம் என்ன எழுதச் சொல்லலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நான் இதுவரை கேட்ட விடைகளில் ஒன்றுகூட வேறொன்றைப் போல் இருந்ததில்லை.

இதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். மீதமிருக்கும் ஒரு மணி நேரத்தை ரிஷ்லியு பகுதிக்குக் கொடுப்பதா, மோனா லிசாவுக்குக் கொடுப்பதா என்பதுதான் உண்மையான தேர்வு. நான்கு வயதுக் குழந்தை இருப்பதால் ரிஷ்லியுவையே நான் சொல்வேன்.

அங்கே கோர்சாபாத் முற்றம் என்று ஒன்று இருக்கிறது. இன்றைய ஈராக்கில், மோசுல் நகருக்கு அருகே, அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய அரண்மனையின் வாயில்களைக் காத்து நின்ற சிறகு முளைத்த காளைகள், தாடி வைத்த மனித முகங்களோடு, நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அங்கே நிற்கின்றன. துவாரபாலகர்களையும் யாளியையும் கோயிலில் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இவை யார், ஏன் வாசலில் நிற்கிறார்கள் என்று விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. அவர்களிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கால்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு கால், அசையாமல் நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் நான்கு கால், நடக்கிறது. சுற்றி வந்து எண்ணினால் மொத்தம் ஐந்து. எந்தத் திசையிலிருந்து வருபவருக்கும் காவலன் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிற்பி செய்த தந்திரம் இது. பெரியவர்கள் பலர் அந்த முற்றத்தைக் கடந்து போகிறார்கள், ஐந்தாவது காலைப் பார்ப்பதில்லை. எண்ணத் தெரிந்த குழந்தை பார்த்துவிடுகிறது.

பக்கத்திலேயே மார்லி முற்றம். கண்ணாடிக் கூரை வழியே வெயில் இறங்கும் அகன்ற வெளி, படிகள், மரங்கள், சுற்றிலும் பளிங்குச் சிலைகள். கூடங்களின் அடைசலிலிருந்து வந்தவர்களுக்கு அது வெளியில் வந்ததைப் போலவே இருக்கும். குழந்தை உட்காரலாம், படியேறி இறங்கலாம். ஓடக் கூடாது என்பது விதி. கிய்யோம் கூஸ்து 1740-களில் செதுக்கிய, அடங்க மறுத்துத் திமிறும் இரண்டு குதிரைகள் அங்கே உயரத்தில் நிற்கின்றன. மார்லி அரண்மனைக்காகச் செய்யப்பட்டு, பின்னர் ஷான்ஸ் எலிசே வீதியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, காற்றும் மழையும் அரிக்கத் தொடங்கியதால் 1984-இல் உள்ளே கொண்டுவரப்பட்டவை இவை. வீதியில் இப்போது நிற்பவை நகல்கள். அடுத்த நாள் அந்த வழியாகப் போகும்போது "அந்தக் குதிரை" என்று முதலில் கத்துவது நீங்களாக இருக்காது. தாளும் பென்சிலும் எடுத்து வந்திருந்தால் வெளியே எடுக்க வேண்டிய இடம் இதுவே. வரைந்தது குதிரை போல் இருக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வரைதலைத் தவிர வேறு உருப்படியான வழியை நான் அறியேன்.

மோனா லிசாவைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பார்ப்பதில் தவறில்லை, எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த ஓவியம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்; ஒரு நாளிதழை விரித்துப் பிடித்தால் ஏறக்குறைய அதுதான் அளவு. முந்தைய இரவே தங்கும் அறைச் சுவரில் ஒரு தாளை அந்த அளவுக்கு ஒட்டி, அறையின் மறு கோடியிலிருந்து குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளை அவர்கள் காணப் போவது அதுதான். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், தூக்கிப் பிடித்த நூறு கைப்பேசிகளுக்கு இடையே. நான்கு வயதுக் குழந்தையின் கண் மட்டத்தில் அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் இடுப்பும் தோள்பையும் மட்டுமே. இந்த நெருக்கடியை நிர்வாகமும் அறியும். மோனா லிசாவுக்கெனத் தனி நுழைவாயிலோடு தனிக் கூடம் அமைக்கும் திட்டத்தைப் பிரெஞ்சு அதிபர் 2025 ஜனவரியில் அறிவித்தார்.

போவதென்றே முடிவானால், காலை 9 மணிக்கு உள்ளே நுழைந்த கையோடு முதலில் அங்கே போய்விட்டு, அதன் பிறகு கோட்டைக்கு இறங்குங்கள். களைத்த பிறகு அந்த வரிசையில் நிற்பது வீண் வேதனை. வழியில் 'தரு' என்ற பெயருள்ள படிக்கட்டின் உச்சியில் சமோத்ராஸ் தீவின் சிறகுள்ள வெற்றித் தேவதை கப்பலின் முனையில் வந்து இறங்குவது போல் நிற்கிறாள். தலையும் இல்லை, கைகளும் இல்லை. 1863-இல் சிலை துண்டு துண்டாகக் கிடைத்தது. வலக் கையின் ஒரு பகுதி 1950-இல்தான் அகப்பட்டது, அதைத் தனியே பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு, மற்றக் கை என்ன செய்துகொண்டிருந்திருக்கும் என்று உடம்பாலேயே நடித்துக் காட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மோனா லிசாவுக்குப் போகும் வழியில் உள்ள இந்தப் படிக்கட்டு மோனா லிசாவைவிடப் பெரிய அனுபவம்.

வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு கதை கைவசம் வேண்டும். 1911 ஆகஸ்டு 21 அன்று இந்த ஓவியம் திருடு போயிற்று. எடுத்துப் போனவர் வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியர். அருங்காட்சியக ஓவியங்களுக்குக் கண்ணாடி போடும் வேலையில் முன்பு ஈடுபட்டிருந்தவர். மறுநாள் ஓர் ஓவியர் வந்து, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஆணிகள் மட்டும் இருப்பதைக் கண்ட பிறகே விஷயம் வெளியே தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது பாரிஸிலேயே அவருடைய அறையில் இருந்தது. 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் நகரில் விற்க முயன்றபோது பிடிபட்டார். இடைப்பட்ட காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக லூவருக்கு வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதைக் கேட்டுக் குழந்தைகள் சிரிக்காமல் இருப்பதில்லை. 2025 அக்டோபர் 19 அன்று பட்டப்பகலில் அரச நகைகள் கொள்ளை போனதைப் பற்றியும் ஏழு வயதுப் பிள்ளை எங்கேனும் கேள்விப்பட்டிருக்கலாம். சில நிமிடங்களில் எட்டு நகைகளை எடுத்துப் போனவர்கள் யூஜெனி பேரரசியின் கிரீடத்தை வழியில் தவறவிட்டார்கள் என்ற விவரம் அந்த வரிசையில் இன்னொரு பத்து நிமிடத்துக்குத் தாங்கும்.

மோனா லிசாவைப் பார்த்து முடித்ததும் முதுகைத் திருப்புங்கள். எதிர்ச் சுவர் முழுவதையும் இத்தாலிய ஓவியர் வெரோனேசே வரைந்த, இயேசு தண்ணீரை மதுவாக மாற்றியதாக பைபிள் சொல்லும் கானா ஊர்த் திருமண விருந்து நிரப்பியிருக்கிறது. 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம்; மோனா லிசாவைப் போல் நூற்று அறுபது மடங்குக்கும் மேலான பரப்பு. லூவரிலேயே மிகப் பெரிய ஓவியம் அது. வெனிஸ் நகரத் துறவு மடம் ஒன்றின் உணவுக் கூடத்துக்காக 1563-இல் வரைந்து முடிக்கப்பட்டதை 1797-இல் நெப்போலியனின் படை எடுத்துவந்தது. நூற்று முப்பது பேர் அளவுக்கு அதில் விருந்துண்கிறார்கள், பரிமாறுகிறார்கள், வாத்தியம் வாசிக்கிறார்கள். நாய்கள் எத்தனை, பூனை எங்கே, கிளியை வைத்திருப்பவர் யார், தண்ணீர் எந்தக் கணத்தில் மதுவாக மாறுகிறது என்று தேட அங்கே எத்தனையோ இருக்கின்றன. கீழ்ப்பகுதியில்தான் விலங்குகள் இருப்பதால் குழந்தையின் உயரம் இங்கே குறை அல்ல. அந்தக் கூடத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கானோரில் இந்தப் பக்கம் திரும்புபவர் சிலரே, ஆகவே இடமும் தாராளமாகக் கிடைக்கும். பூ, காய், கனி, மரம் ஆகியவற்றாலேயே முகம் அமைத்து ஆர்ச்சிம்போல்தோ என்ற ஓவியர் 1573-இல் வரைந்த 'நான்கு பருவங்கள்' ஓவியங்களும் லூவரின் உடைமைதான். பிள்ளைகளுக்கென்றே வரைந்தது போலிருக்கும். ஒவ்வொரு பொருளும் எந்த அறையில் உள்ளது, காட்சியில் உள்ளதா என்பதை லூவரின் இணையத் தொகுப்பில் பெயரைத் தட்டித் தெரிந்துகொள்ளலாம். முந்தைய இரவே இதைப் பார்த்து அறை எண்களைக் குறித்துக்கொண்டால் உள்ளே அலைச்சல் மிச்சம்.

பலரும் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க, ரோமானியச் சிலைகளில் பாதி ஆடையில்லாமல் இருக்கும். நான்கு வயதுக் குழந்தை அதை உரத்த குரலில் அறிவிக்கும். கண்ணைப் பொத்துவதோ அதட்டுவதோதான் அதை ஒரு பெரிய விஷயமாக்குகிறது. "உடம்பை அழகாகச் செதுக்கத் தெரியும் என்று காட்டியிருக்கிறார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நடந்தால் அவர்களும் நடந்துவிடுவார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருபவை வதைக் காட்சிகள். வெட்டுண்ட தலைகளும் அம்பு தைத்த புனிதர்களும் பழைய ஐரோப்பிய ஓவியங்களில் நிறையவே உண்டு. மார்லி முற்றத்துக்கு அண்டையிலுள்ள ப்யூஜே முற்றத்தில், பிளந்த மரத்தில் கை மாட்டிக்கொண்ட மல்லன் மிலோனைச் சிங்கம் கடித்துக் குதறும் சிலை நிற்கிறது. ஏழு வயதுக்கு அது பிரமாதம், நான்கு வயதுக்கு வேண்டாம்.

தொடக் கூடாது என்பதை வாசலிலேயே காரணத்தோடு சொல்லுங்கள். நம் விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கல்லில் படிகின்றன. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, நாளைக்கு முப்பதாயிரம் பேர் தொட்டால் மூக்கே தேய்ந்து போகும். இந்தக் கணக்கு ஏழு வயதுக்குப் புரிகிறது. நான்கு வயதுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "ராஜா மாதிரி" நடப்பது என்ற விளையாட்டுதான் சரி. பிரமிடுக் கூடத்துக் கடையில் ஆளுக்கு மூன்று அஞ்சலட்டைகளை முதலிலேயே வாங்கிக் கொடுத்து, அவற்றில் உள்ளதை நேரில் தேடச் செய்வதும் நன்றாக வேலை செய்யும். நீங்கள் போகப் போகும் வழியில் உள்ளவையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. தொலைந்து போனால் நகராமல் சீருடைப் பணியாளரிடம் காட்டும்படி, உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

வெளியேற வேண்டிய நேரம், குழந்தை அழத் தொடங்கும்போது அல்ல. அதற்குக் கால் மணி நேரம் முன்பு. விளக்கப் பலகையைப் பார்க்காமல் தரையின் கோடுகளைப் பார்த்து நடக்கத் தொடங்குவார்கள், இருக்கை இல்லாத இடத்தில் உட்கார்வார்கள், அதுவே அறிகுறி. வெளியே போனால் அதே சீட்டில் மீண்டும் உள்ளே வர முடியாது என்பதால், சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. மழை இல்லையென்றால் நேரே துய்லரி தோட்டத்துக்கு நடந்துவிடுங்கள்; ராட்டினம், துள்ளு மேடை, விளையாட்டுத் திடல், சுற்றிலும் நாற்காலி போட்ட வட்டக் குளம் எல்லாம் அங்கே இருக்கின்றன. இரண்டு மணி நேரம் கையைக் கட்டி நடந்தவர்களுக்கு அந்த ஓட்டம் நாம் கொடுக்க வேண்டிய கடன். மழை பெய்தால் கருசெல் என்னும் நிலத்தடிக் கடைவீதி வழியாக, தலைகீழாகத் தொங்கும் சின்னக் கண்ணாடிப் பிரமிடின் கீழே போய் அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்க்கச் செய்யலாம்.

நான்கு நாட்களில் இன்னொரு காலைப்பொழுது மிச்சமிருந்தால், இரண்டாம் முறை லூவருக்கு வராமல் அந்தத் தோட்டத்தின் மறு கோடியில் உள்ள ஒராஞ்செரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். க்ளோத் மோனே வரைந்த அல்லிக் குளங்கள் இரண்டு முட்டை வடிவக் கூடங்களின் சுவர்களைச் சுற்றிச் செல்கின்றன. 1927-இல் திறந்த அந்தக் கூடங்களில் நடுவே நின்று குழந்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓவியம் முழுவதையும் பார்த்துவிட்டது என்று பொருள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆற்றின் மறுகரையில் உள்ள ஒர்சே திங்கட்கிழமை மூடியிருக்கும்; 1900-இல் கட்டிய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக்கியது அது. அங்கே பிரான்சுவா போம்போன் செதுக்கிய வெள்ளைக் கரடி, இரண்டரை மீட்டர் நீளத்தில், ரோமம் ஒன்றுகூடக் காட்டாத வழுவழுப்போடு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் நான்கு வயதுக் குழந்தை விலங்குகளை விரும்புவதானால் லூவருக்கு முன்பே அங்கே போய்விடலாம். கரடியைப் பார்த்துவிட்டு, மேல்தளத்துப் பெரிய கடிகாரக் கண்ணாடி வழியே ஆற்றுக்கு அப்பால் லூவர் எவ்வளவு நீளம் என்று காட்டிவிட்டால், மறுநாள் ஏன் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.